சத்தமில்லாம படிச்சா களப்பணி ஆயிடுமா?
ஒரு ஆன்லைன் குரூப்ல சேந்து வருஷம் பூரா மெசேஜ சத்தமில்லாம படிச்சாலே அது மானிடவியல்காரங்க மக்களோட இருந்து பண்ற களப்பணிதான்னு கட்டுரையில போட்டிருக்கீங்க, எனக்கு அது சரியா படல. மானிடவியல் ஆய்வாளரு மலினோவ்ஸ்கி 1915லேருந்து 1918க்குள்ள நியூ கினி பக்கம் இருக்கற ட்ரோப்ரியாண்ட் தீவுல தங்குனப்ப அவரு கூடாரம் ஊருக்கே தெரியும், குரூப்ல ஒளிஞ்சு படிக்கிறவன யாருக்குத் தெரியும்? பினாங்குல எங்க தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் வாட்ஸ்அப் குரூப்ப பாத்தா வெறும் கட்டைவிரலும் கும்பிடு ஸ்டிக்கரும்தான், அப்படி ஒரு ஒத்துமை! காசு யாரு எவ்ளோ போடறது, மோருக்கு யாரு பொறுப்புங்கற சண்டையெல்லாம் ராத்திரி மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் டீ குடிச்சுக்கிட்டுதான் லா நடக்கும், அத எந்த ஸ்க்ரீன்ஷாட்ல புடிப்பீங்க? மேல கமெண்ட்ல ஒரு அண்ணன், செகண்ட் லைஃப்ங்கற ஆன்லைன் மெய்நிகர் உலகத்துல மானிடவியல் ஆய்வாளரு போயல்ஸ்டார்ஃப் 2004லேருந்து 2007 வரைக்கும் உள்ளயே இருந்துதானே ஆய்வு பண்ணாருன்னு கேட்டிருக்காரு, சரிதான், ஆனா அவரு அங்க வீடு போட்டு, நான் ஆய்வாளருன்னு சொல்லிட்டு நாலு பேரோட பேசிப் பழகுனாருங்க, சும்மா ஜன்னல் வழியா எட்டிப் பாக்கல.