துருவுக்கு மேல பட்டியா?

கடலூர்ல பழைய கார் வச்சிருக்கிறவங்க வயித்தெரிச்சல் இது. துருப்பிடிச்ச தகரத்தை வெட்டி எடுத்துட்டு, புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணுங்கன்னு சொன்னா ஏன் ஒரு பட்டறைக்காரரும் காதுல போட்டுக்க மாட்டேங்கறாங்க? "விடுங்க சார், பட்டி (பள்ளத்தை நிரப்புற பசை) போட்டு இழுத்துட்டா வழவழன்னு வந்துடும்"கிறாங்க. வரும். அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான்.

என்னோடது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி. சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், தனி; அதுமேல பாடியை போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. கழட்டி வேலை பார்க்கிறது ஒண்ணும் முடியாத காரியமில்ல. ஆனா ஒரு பட்டறையில விட்டப்போ, பின்சக்கரத்துக்கு மேல இருந்த ஓட்டையில பட்டியை அப்பி, மேல பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டாங்க. இப்ப அந்த இடத்துல கொப்புளம் கொப்புளமா எழும்புது. நகத்தால நெம்பினா ஓடு மாதிரி பேந்து வருது, அடியில ஈரமான செந்தூள். காந்தம் வச்சுப் பார்த்தேன், ஒட்டவே இல்ல. அவ்வளவு கனத்துக்குப் பட்டி!

பட்டி ஈரத்தை உறிஞ்சும். நம்ம ஊரு உப்புக்காத்துல கேக்கணுமா?

இதுல ஐப்பசி அடைமழையில ஸ்ப்ரே வேற. காத்துல ஈரம் இருந்தா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் பால் பூத்து வெளுத்துடும்னு தொழில் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அவசரம்.

இந்த வண்டிக்குக் கதவோ மட்கார்டோ கடையில போய் வாங்க முடியாதுங்க. நாள் கூட ஆகட்டும், காசு கூடக் கேளுங்க. தகரத்தைச் சரி பண்ணிட்டு அப்புறம் பிரைமர் அடிங்கப்பா.