எலும்பைக் கொட்டிவிட்டுப் பெட்டியை விற்கிறார்கள்

"யோசேப்பின் மகன் யாக்கோபு, இயேசுவின் சகோதரன்" என்று அரமேய மொழியில் எழுதிய சுண்ணாம்புக்கல் பெட்டியின் படத்தை இந்த வாரம் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். உண்மையா பொய்யா என்று கேட்கிறார்கள். அதில் இருந்த எலும்புகள் என்னவாயின என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

ஏரோது மன்னன் காலத்திலிருந்து கி.பி. 70-இல் ரோமர்கள் யூதர்களின் ஆலயத்தை இடிக்கும்வரை, எலும்புகளை இப்படிக் கல்பெட்டியில் வைக்கும் வழக்கம் எருசலேம் யூதர்களிடம் பரவலாக இருந்தது. இறந்தவரைப் பாறைக் கல்லறையில் கிடத்துவார்கள். சுமார் ஓராண்டு கழித்து, சதை போனபின், வீட்டார் வந்து எலும்புகளைப் பொறுக்கிப் பேழையில், அதாவது அந்தக் கல்பெட்டியில், அடுக்குவார்கள். தொடை எலும்பு எவ்வளவோ, பேழையின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. சிலவற்றில் காம்பஸ் வைத்துச் செதுக்கிய ஆறிதழ்ப் பூக்கள் இருக்கும். பெயரைப் பல நேரம் வீட்டாரே ஆணியால் கீறினார்கள், கரியால் எழுதினார்கள். 1990-இல் கிடைத்த, காய்பா (இயேசுவை விசாரித்த தலைமைக் குருவின் பெயர்) என்ற பெயர் தாங்கிய பேழையைப் பாருங்கள்: பூ வேலை கண்ணைப் பறிக்கும், பெயரோ கோணல்மாணல் கீறல். உள்ளே ஒரு முதியவரும் கைக்குழந்தைகளும் உட்பட ஆறு பேரின் எலும்புகள்.

1968-இல் எருசலேமின் வடக்கே கிவாத் ஹமிவ்தாரில் கிடைத்த பேழைக்குப் பூ வேலையே கிடையாது. யெஹோஹனான் என்ற பெயர் மட்டும். உள்ளே குதிகால் எலும்பு ஒன்று, அதில் 11.5 சென்டிமீட்டர் இரும்பு ஆணி. சிலுவையில் அறைந்தபோது ஆணியின் முனை வளைந்துவிட்டது, பிடுங்க வரவில்லை. ஓராண்டு கழித்து எலும்பு பொறுக்க வந்தவர்கள் அந்த ஆணியோடேயே எடுத்து வைத்திருக்கிறார்கள். ரோமச் சிலுவைத் தண்டனைக்கு எலும்பிலேயே கிடைத்த முதல் சாட்சி அது. அகழ்ந்தவர்கள் எலும்பைப் பார்த்ததால் மட்டுமே நமக்குத் தெரியவந்தது. அதே இடத்தில் கிடைத்த மற்றப் பேழைகளில் 'ஆலயத்தைக் கட்டிய சீமோன்' இருந்தார். பிள்ளை பெற முடியாமல் இறந்துபோன, சவுல் என்பவரின் மகள் ஷாலோமும் இருந்தாள். அவள் பேழையில் "சமாதானம், மகளே" என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கல்லறைத் திருடர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. பூவும் பெயரும் இருந்தால் விலை கூடும், எலும்பு குப்பை. 1994-இல் அச்சான இஸ்ரேல் அரசு சேகரிப்பின் பட்டியலில் சுமார் 900 பேழைகள், எழுத்துள்ளவை ஏறக்குறைய கால்வாசி. ஆகவே எழுத்துக்குக் கிராக்கி, கிராக்கி இருந்தால் போலியும் வரும். முதலில் சொன்ன யாக்கோபின் பேழை பழம்பொருள் சந்தை வழியாக வந்தது. 2002-இல் டொரொன்டோவில் காட்சிக்கு வைத்தார்கள், கூட்டம் அலைமோதியது. எழுத்தைப் போலி செய்ததாக அதன் உரிமையாளர் மீது வழக்குப் போட்டார்கள், 2012-இல் அவர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். எழுத்து உண்மையானது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. எந்தக் கல்லறை, பக்கத்தில் யார் யார், எதுவும் நம்மிடம் இல்லை.

எடுத்த இடம் தெரியாத பேழையை அருங்காட்சியகங்கள் வாங்கவும் கூடாது, கண்ணாடிக்குள் வைத்துக் கூட்டம் சேர்க்கவும் கூடாது. எவ்வளவு பெரிய பெயர் அதில் எழுதியிருந்தாலும் சரி.