தங்கச்சியின் மகன் கைரோபிரக்டர் ஆகப் போகிறானாம்

போன வெள்ளி இரவு கனடாவின் ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணா, மூத்தவன் கைரோபிரக்டருக்குப் படிக்கப் போறானாம். மருந்தும் எழுத மாட்டானாம், ஒப்பரேசனும் செய்ய மாட்டானாம். இது என்ன டொக்டர்?"

கைரோபிரக்டர் என்றால் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே அழுத்தித் திருத்தி நோவு மாற்றுகிறவர். எனக்கு அப்பப்பாதான் ஞாபகம் வந்தார். எங்கள் ஊரில் முறிவு நெரிவுப் பரியாரி. மாமரத்தடி வாங்கில் ஆளை இருத்தி, எண்ணெய் பூசிக்கொண்டே தோட்டத்துக் கதை கேட்பார். பதில் பாதியில் நிற்கும்போது விலகிய தோள் 'டக்' என்று தன் இடத்தில் இருந்துவிடும். கூலி, வெற்றிலையும் சில்லறையும். கைரோ என்பதன் கிரேக்க மூலத்துக்கும் கை என்றுதான் பொருளாம்.

ஆனால் தொழில் என்று பார்த்தால் கணக்கு வேறு. ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் குறைந்தது 3 வருடம் பல்கலைக்கழகம், பிறகு கைரோ கல்லூரியில் 4 வருடம். கடனோடுதான் வெளியே வருவான். 2004 இல் மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி இதற்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது நோயாளியின் பொக்கற், இல்லையென்றால் அவருடைய வேலையிடக் காப்புறுதி. ஆக, பெடியன் பாதி வைத்தியன், பாதி கடைக்காரன். வாடகை கட்ட வேண்டியவனுக்கு, மூன்று தரத்தில் மாறும் நோவுக்கு இருபது தரம் வரச் சொல்ல ஆசை வரும். (காப்புறுதியில் காசு மிஞ்சும்வரை முதுகும் நோகும்.)

இன்னொரு உறுத்தலும் உண்டு. 1895 இல் அமெரிக்காவின் டவன்போர்ட்டில் இதைத் தொடங்கிய பாமர், முதுகெலும்பைத் தட்டி ஒருவருக்குக் காது கேட்க வைத்ததாகச் சொன்னவர். எல்லா நோயையும் முதுகெலும்பில் தேடும் அந்தப் பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. இடுப்பு நோவுக்குப் பலன் உண்டு, அதுவும் இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்டின்) பயிற்சி தருகிற அளவுதான். ஆஸ்துமா மாறும் என்றால் நம்பாதீர்கள். கழுத்தைச் சடாரெனத் திருப்பியபின் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்களும், அரிது என்றாலும், பதிவாகியிருக்கின்றன. அப்பப்பா எலும்பு முறிந்திருக்கும் என்று சந்தேகப்பட்டால் தொடவே மாட்டார். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்பார்.

சரி, நல்லதும் இருக்கிறது. இரவு டியூட்டி இல்லை. தனக்குத் தானே முதலாளி. லொறி ஓடி இடுப்பு விட்ட எங்கள் சனத்துக்குத் தமிழில் கேட்டுத் தொட்டுப் பார்க்க ஒருவன் கிடைப்பான். அவனுடைய கை தாங்குமா என்பதுதான் எனக்குப் பயம். கடைசிக் காலத்தில் அப்பப்பாவுக்குப் பெருவிரல் மடங்கவே இல்லை.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அண்ணா, கலியாணக் கார்டில டொக்டர் எண்டு போடலாம்தானே?"

ஒன்ராறியோச் சட்டப்படி போடலாம்.