அப்டேட் எழுதினால் போதாது, கொண்டுபோய்ச் சேர்க்கணும்

கோவில்பட்டியைச் சுற்றி நூற்றுச் சொச்சம் கடைகளின் பில்லிங் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதுவது வேறொரு நிறுவனம். வருடச் சந்தா வாங்குவதும், மக்கர் பண்ணினால் போய் நிற்பதும் நான். போன செப்டம்பரில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

ஜிஎஸ்டி கவுன்சில் புது வரி விகிதங்களை அறிவித்தது 2025 செப்டம்பர் 3 ராத்திரி. முறையான அறிவிக்கை வந்தது 17ஆம் தேதி. அமலுக்கு வந்தது 22, திங்கட்கிழமை. நடுவில் முழுசாக நாலே நாள். குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின. துணி துவைக்கும் பவுடர் 18லேயே நின்றது. ஆக, 18ஐ எல்லாம் 5 ஆக்கு என்று ஒரே தட்டில் மாற்றிவிட முடியாது. எட்டாயிரம் ஐட்டம் இருக்கிற கடையில் ஒவ்வொன்றின் ஹெச்எஸ்என் கோடும் (பொருள் எந்த வகை என்று சொல்லும் எண்) சரியாக இருந்தால்தான் வரி சரியாக மாறும். இவ்வளவையும் அந்த நிறுவனத்துப் பிள்ளைகள் நாலு நாளில் எழுதி முடித்தார்கள். அவர்கள் உழைப்பில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அனுப்பிய விதம்தான் பிரச்சினை. மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பதினொன்றே காலுக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 400 எம்பி. பாதிக் கடைகளில் இன்டர்நெட் என்றால் முதலாளியின் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். முதலாளி போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அப்டேட் எந்த வழியாக வரும்?

திங்கள் காலை ஏழு மணிக்கு அண்ணாச்சி ஒருவரிடமிருந்து போன். மூன்று கவுண்டர் உள்ள கடை. "தம்பி, ஒரே சோப்புக்கு ரெண்டு விலை வருது, உடனே வாங்க." போய்ப் பார்த்தேன். ஒன்றாம் கவுண்டரில் 45 ரூபாய் சோப்பு 40 ரூபாய்க்கு பில் ஆகிறது. அதுதான் சரி: பழைய வரியைக் கழித்தால் 38 ரூபாய் 14 காசு, அதன்மேல் 5 சதவீதம் போட்டால் 40 ரூபாய் சொச்சம். இரண்டாம் கவுண்டரில் அதே சோப்பு 45. அந்த கம்ப்யூட்டரை சனிக்கிழமை ராத்திரியே அணைத்திருக்கிறார்கள், அதனால் பழைய வெர்ஷனிலேயே திறந்திருக்கிறது. பில் போடுகிற தங்கச்சி எதிரே ஒரு அம்மா இரண்டு பில்லையும் கையில் பிடித்துக்கொண்டு, "நேத்து டிவில குறைச்சாச்சுன்னு சொன்னாங்களேம்மா" என்று கேட்கிறார். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அது என்ன தப்பு செய்தது?

சர்வரும் (கவுண்டர்களை இணைக்கிற கடையின் மெயின் கம்ப்யூட்டர்) கவுண்டரும் வேறு வேறு வெர்ஷனில் இருந்தால் பில் போடவே விடக்கூடாது. ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டிய பூட்டு அது. அதைவிட முக்கியமானது, வரிப் பட்டியலையும் ப்ரோக்ராமையும் பிரித்து அனுப்பியிருக்கலாம். இந்தத் தேதி வரை இந்த வரி, இந்தத் தேதியிலிருந்து இந்த வரி என்று தேதியோடு சேர்ந்த பட்டியல் சில நூறு கேபிதான் வரும். வியாழனோ வெள்ளியோ அனுப்பியிருந்தால் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, 22 பிறந்ததும் தானாக வேலையைத் தொடங்கியிருக்கும். பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 20ஆம் தேதி விற்ற ஷாம்பு 25ஆம் தேதி ரிட்டன் வந்தால், கிரெடிட் நோட் (ரிட்டன் வந்ததைக் கழித்துக் கொடுக்கிற சீட்டு) பழைய 18லேயே போட வேண்டும். பழையதை அழித்திருந்தால் ஆடிட்டரிடம்தான் போய் நிற்கணும்.

பெரிய இடங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று கம்ப்யூட்டர் பாதுகாப்பு சாஃப்ட்வேர் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் சந்தாதாரர்களுக்கு அனுப்பிய ஒரு சின்ன ஃபைல், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஃபைலை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்துபோன கம்ப்யூட்டர் நெட்டுக்கே வராதே, திருத்தத்தை எப்படி வாங்கிக்கொள்ளும்? ஒவ்வொன்றாக ஆள் போய் நின்று, சேஃப் மோடில் திறந்து, ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. முதலில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு அனுப்பி, ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் அந்தக் கூட்டத்தோடு போயிருக்கும். அதற்குப் பிறகுதான் அவர்களும் அந்த வகை ஃபைல்களைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறினார்கள்.

நம் வியாபாரத்தில் இந்தப் படிப்படி முறைக்கு நாள் பார்ப்பதும் சேர்ந்தே வரும். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள் உண்டு: விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, வரி கட்டும் 3பிக்கு 20ஆம் தேதி. அந்த இரண்டு தேதிகளை ஒட்டி எந்த அப்டேட்டும் வரவே கூடாது. மளிகைக் கடைக்கு மாதத்தின் முதல் வாரம் ஆகாது, ஜவுளிக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் ஆகாது. செவ்வாய், புதன் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் கூட்டம் இருக்காது, போன் பண்ணினால் எடுக்கவும் ஆள் இருக்கும். போன மாதம் வந்த சாதாரண அப்டேட்டை நான் அப்படித்தான் போட்டேன். முதல் நாள் ஐந்து கடை, பேக்கப் எடுத்துவிட்டு. இரண்டு நாள் பார்த்துவிட்டு இருபது கடை. அப்புறம் மீதி. பத்து நாள் ஆனது, ஆனால் ஒரு கடையிலும் கல்லா நிற்கவில்லை.

சந்தா முடிந்தவர்கள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. புது வசதி வேண்டும் என்றால் பணம் கட்டட்டும், நியாயம்தான். சட்டம் மாறியதால் வரும் அப்டேட்டை, சந்தா முடிந்து மூன்று மாதம் வரைக்குமாவது சும்மா கொடுக்கணும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு ஆகஸ்டில் சந்தா முடிந்தது. ஆஸ்பத்திரி செலவில் கட்ட முடியவில்லை. நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லை என்றான அந்தத் திங்கட்கிழமை, அவர் சாஃப்ட்வேர் 12 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தது. புதுப்பித்தால்தான் அப்டேட் என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. ராத்திரி கடை அடைத்த பிறகு நானும் அவர் பேத்தியுமாக உட்கார்ந்தோம். அந்தப் பிள்ளை பெயரைப் படிக்கப் படிக்க, நான் ஒவ்வொன்றாக வரியை மாற்றினேன். 214 ஐட்டம். முடிக்கும்போது மணி பன்னிரண்டரை.