இடுக்கு வாங்கினோம், கூடவே கொஞ்சம் மொசைக்கும்

சின்னச் சின்னத் துண்டுகளாக வரும் மொசைக் டைல்ஸை விற்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சபதம் எடுத்திருக்கிறார்கள் போல: துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவே கூடாது என்று. நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கண்ணாடி, செராமிக், மார்பிள், சிப்பி என்று ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்து மினுக்கிக் காட்டுவார்கள். "இதுக்கு நடுவுல என்ன நிரப்புவீங்க?" என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் போடுறவர் பார்த்துக்குவார் சார்" என்று முடித்துவிடுவார்கள். போடுகிறவரைக் கேட்டால், "கடையில என்ன குடுத்தாங்களோ அதைத்தான் போடுவோம்" என்பார். சுவர் நம்முடையது, பணம் நம்முடையது, பொறுப்பு மட்டும் யாருடையதும் இல்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 2 செ.மீ. சதுரத் துண்டு, 2 மி.மீ. இடுக்கு. ஒரு சதுர மீட்டர் சுவரில் 2,000 துண்டுகளுக்கு மேல் வரும். அவற்றுக்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இடுக்குகளை நீட்டி வைத்தால் 90 மீட்டரைத் தாண்டும். ஒரே ஒரு சதுர மீட்டரில்! அதே இடத்தில் 60 செ.மீ. டைல்ஸ் போட்டிருந்தால் மூன்றரை மீட்டருக்குள் சோலி முடிந்தது. பரப்பளவாகப் பார்த்தால் அந்த மொசைக் சுவரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வெறும் கிரவுட், அதாவது இடுக்கை அடைக்கிற கலவை. ஆசை ஆசையாகப் பார்த்து வாங்கிய கண்ணாடிக்குத் துணியால் ஒரு துடைப்பு போதும். நாம் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தேய்ப்பதெல்லாம் அந்த ஆறில் ஒரு பங்கைத்தான். "மெயின்டனன்ஸே கிடையாது சார்" என்று சொன்னவர் எந்தப் பங்கைச் சொன்னார் என்று இப்போது புரிகிறதா?

சாதாரண சிமென்ட் கிரவுட்டுக்கு நுண்ணிய துளைகள் உண்டு. அடுப்புக்குப் பின்னால் போட்டால் எண்ணெயைக் குடிக்கும், குளியலறையில் போட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கருப்புப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். வெள்ளைக் கிரவுட்டைத் தரையில் போட்டுவிட்டு அது வெள்ளையாகவே இருக்கும் என்று நம்புகிறவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை. சிமென்டுக்குப் பதில் பிசினில் செய்த எபாக்சி கிரவுட் என்று ஒன்று இருக்கிறது. கறையை அவ்வளவு எளிதில் உறிஞ்சாது. அப்புறம் ஏன் அதைச் சொல்வதில்லை? ஏனென்றால் விலை அதிகம், சீக்கிரம் இறுகிவிடும், கையோடு கையாகத் துடைக்காவிட்டால் டைல்ஸ் மேலேயே படலமாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அதாவது வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் கஷ்டம். அந்த ஒரு நாளைத் தவிர்க்க நாம் வருடக்கணக்கில் தேய்க்க வேண்டும்.

சிமென்ட் கிரவுட்டிலும் மணல் கலந்தது, கலக்காதது என்று இரண்டு வகை. 3 மி.மீ.க்குக் குறைவான இடுக்குக்கு மணல் கலக்காததுதான் பொதுவாகச் சரிப்படும். மணல் கலந்ததைப் பளபளப்பான மார்பிள் மேலோ கண்ணாடி மேலோ போட்டு ரப்பர் பலகையால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். கிரவுட் பாக்கெட்டின் மேலேயே எழுதியிருக்கும். யார் படிக்கிறார்கள்? போதாததற்கு, குழைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரை வேறு தாராளமாக ஊற்றுவார்கள். காய்ந்த பிறகு நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும்.

அடுத்து அந்த ஷீட். துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டாம், வலையில் ஒட்டி ஏறக்குறைய 30 செ.மீ. சதுரமாக வருகிறது, அப்படியே சுவரில் அழுத்தினால் போதும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் நமக்குக் காட்டுவது ஒரு ஷீட். அழகாகச் சட்டம் போட்டு மாட்டிய ஒரே ஒரு ஷீட். இரண்டு ஷீட்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று எங்காவது காட்டியிருக்கிறார்களா? அங்கேதான் வண்டவாளம் தெரியும். ஷீட்டுக்குள் 2 மி.மீ. இடைவெளி, ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. என்று வைத்துவிட்டால் போதும், சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் சுவரை ஒட்டி விளக்கு வேறு வைத்துவிட்டால், அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும் துண்டுகூட நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

இதைச் சொன்னால், "கையால போடுறது, கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும், அதுதான் மொசைக்கோட அழகே" என்று ஒரு வசனம் வரும். இத்தாலியில் ரவென்னா நகரத்தின் சான் விட்டாலே தேவாலயம் 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கலைஞர்கள் பொன் பதித்த கண்ணாடித் துண்டுகளை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்துப் பதித்தார்கள், ஒளி பட்டுச் சிதறி மின்னட்டும் என்று. அது கலை. அதன் மேல் யாரும் தினமும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் சாய்ந்த துண்டு என்றால் அதற்குப் பெயர் கவனக்குறைவு.

கண்ணாடி மொசைக்கின் கதை இன்னும் மோசம். ஒளி ஊடுருவும் கண்ணாடி என்றால் பின்னால் இருப்பது முன்னால் தெரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சாம்பல் நிறப் பசையைப் பூசி ஒட்டுவார்கள். கடலின் பச்சை நீலம் என்று வாங்கியது அழுக்குத் தண்ணீர் நிறத்தில் நிற்கும். வெள்ளைப் பசைதான் வேண்டும். பல் வைத்த கரண்டியால் இழுத்த வரிகளையும் ஒட்டுவதற்கு முன் தட்டையாகத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அந்த வரிகள் தெரியும். பிரித்து எடுப்பதென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மார்பிள் மொசைக்கைச் சமையலறைக்குச் சிபாரிசு செய்கிறவர்களை என்ன செய்வது? மார்பிள் சுண்ணாம்புக் கல்லின் வாரிசு. எலுமிச்சைச் சாறு, வினிகர், அமிலம் கலந்த கழிவறைக் கிளீனர், எது பட்டாலும் மேலே உள்ள பளபளப்பை அரித்து மங்கலான தடம் வைத்துவிடும். அது கறை இல்லை, தேய்த்தால் போக. கல்லின் துளைகளை அடைக்கிற சீலர் என்ற திரவத்தை அடித்தால் கறை உள்ளே இறங்குவது குறையும், அமில அரிப்பு நிற்காது. அந்தச் சீலரையும் கிரவுட் போடுவதற்கு முன்பே ஒரு கை அடித்துவிடுவது நல்லது, அடர்ந்த நிறக் கிரவுட் கல்லுக்குள் ஊறிவிடாமல் இருக்க. பில் போடும்போது சீலர் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?

இத்தனை திட்டினாலும் ஒரு இடத்தில் மொசைக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஷவருக்குக் கீழே உள்ள தரை. தண்ணீர் வடிய நாலா பக்கமும் வாட்டம் கொடுத்த தரைக்குப் பெரிய டைல்ஸ் வளையாது, சின்னத் துண்டுகள் வளைந்து கொடுக்கும். கிட்டக் கிட்ட வரும் இடுக்குகள் காலுக்குப் பிடிமானமும் தரும். இடுக்கு நமக்கு உதவி செய்கிற ஒரே இடம் அதுதான். அங்கேயும் சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட்டை அடைத்துவிட்டுப் போவார்கள். அசைவு இருக்கிற இடம், ரப்பர் மாதிரி நெகிழ்ந்து கொடுக்கிற சிலிகோன் போட வேண்டும். கிரவுட் அங்கே கண்டிப்பாக விரிசல் விடும்.

கடைசியாக, பெட்டிகளில் அச்சடித்திருக்கும் லாட் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்கிற எண். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்தானா என்று கடையிலேயே பாருங்கள். லாட் மாறினால் நிறம் மாறலாம், அதைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் கண்டுபிடிப்போம். வெட்டும் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். மிச்சம் வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பின்னாளில் நாலு துண்டு பெயர்ந்து விழுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், "அந்த டிசைன் இப்ப வர்றதில்ல சார், ஆனா இதே மாதிரி ஒண்ணு இருக்கு" என்பார்கள். இதே மாதிரி இருக்கவே இருக்காது.