இறுதி அஞ்சலிப் படத்தை விட்டுவைக்கக் கூடாதா?

1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். காலமானார். ராஜாஜி மண்டபத்தில் தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடுதான் வைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ரசிகர்களின் வாட்ஸ்அப்பில் அங்கே எடுத்த புகைப்படத்துக்கு இன்னும் பஞ்சாயத்து! பக்கத்தில் நிற்பவரின் சட்டைப்பை வலப்புறம் இருக்கிறதாம், அதனால் போலியாம். ஐயா, யாரோ படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். பின்னாலுள்ள எழுத்தைப் பாருங்கள், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஓடும். கன்னத்தில் கட்டங்கட்டமாகத் தெரிவதும் ஒட்டுவேலை இல்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எடுத்து அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் படத்தின் தரம் குறையும். படக் கோப்பில் தேதி 2014 என்றிருந்தால்? ஃபிலிம் படம் அது, ஸ்கேன் செய்த தேதியாக இருக்கும். கூகிள் லென்ஸில் போட்டு, ஓரம் வெட்டாத பெரிய பிரதியைத் தேட இரண்டு நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல் இறந்தவர் முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வட்டம் போடுகிறார்களே, வயிறு எரிகிறது.