ஏசி பாயின்ட்டில் கார் சார்ஜ் செய்வது பற்றி

"ஏசி ஓடும் 16 ஆம்பியர் பாயின்ட் இருந்தால் போதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மின்சாரக் காரைச் சார்ஜ் செய்யலாம்" என்று சொல்வது பாதிதான் சரி. தயவுசெய்து அப்படியே செய்துவிடாதீர்கள்.

16 ஆம்பியர் பாயின்ட்டில் சார்ஜ் ஆகும், உண்மை. ஆனால் ஏசியின் கம்ப்ரஸர் குளிர்ந்ததும் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். கார் அப்படியில்லை, 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் விடிய விடிய இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. பிளக் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறினால் அன்றே நிறுத்துங்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர். ஒயரும் அதற்கேற்பத் தடிமனாக வேண்டும், மின் இணைப்பின் அனுமதிச் சுமையையும் (வீட்டுக்கு மின்வாரியம் அனுமதித்த கிலோவாட் அளவு) பார்க்க வேண்டும்.

அப்புறம் எர்த், அதாவது கசியும் கரன்ட்டை மண்ணுக்குள் கொண்டுபோகும் ஒயர். எர்த் இல்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலை செய்யாது. அதற்காகச் சில எலக்ட்ரீஷியன்கள் பிளக்குக்குள் நியூட்ரலையும் (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தையும் சேர்த்துவிடுகிறார்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தால் காரின் உடம்பிலேயே கரன்ட் வரும். கதவைத் தொடுவது உங்கள் குழந்தையாக இருக்கலாம்.